கேஸி அவுட்! அமெரிக்காவைச் சிரிக்க வைத்த பந்தாட்டப் பாட்டு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு திடல் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஒரு பக்கம் ரெயில் பாதை. இன்னொரு பக்கம் தொழிற்சாலைச் சுவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஒரே திடலில் ஒரே நேரத்தில் ஏழு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்தின் விக்கெட்டைச் சாய்க்கும். சண்டை வரும். சமாதானமும் வரும்.

அங்கே ஒரு நாள் நான் பார்த்த காட்சி இது.

இரண்டு தெருக்காரர்களுக்குள் போட்டி. பந்தயப் பணம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்தது. கடைசி ஓவர். 9 ரன் வேண்டும். அப்போது மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு வாலிபன் வந்தான். இரவு வேலை முடித்துவிட்டு, தூங்காமல் நேராகத் திடலுக்கு வந்தவன். பையன்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சிக்ஸர் அண்ணன்" என்பார்கள்.

அண்ணன் வந்ததும் விசில் பறந்தது. அவன் மெதுவாக நடந்தான். வானத்தைப் பார்த்தான். சட்டைக் கையைச் சுருட்டினான். முதல் பந்தைத் தொடவே இல்லை. "இதெல்லாம் ஒரு பந்தா?" என்பது போல விட்டுவிட்டான். இரண்டாவது பந்துக்கு மட்டையைச் சுழற்றினான் பாருங்கள்! சுவர் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஆனால் போனது பந்து அல்ல, குச்சி!

திடல் முழுக்க அமைதி. அப்போது பத்து வயது கூட நிரம்பாத ஒரு பொடியன் எழுந்தான். எங்கிருந்துதான் அவனுக்கு வந்ததோ, பாட ஆரம்பித்துவிட்டான்:

"சிக்ஸர் அண்ணன் வந்தாரு,
சிங்கம் போல நின்னாரு;
குச்சி மூணும் பறந்துபோச்சு,
கொசுவை ஓட்டிப் போனாரு!"

அம்பத்தூர்க் கொசுவை அறிந்தவர்களுக்குத்தான் அந்தக் கடைசி வரியின் சுவை தெரியும். எதிர்த் தெருக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. மட்டையைக் கையில் பிடித்தபடி பொடியனை நோக்கி நடந்தான்.

அப்புறம் என்ன நடந்தது? சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஏனென்றால் இதே காட்சியை 1888-லேயே ஒருவர் பாட்டாக எழுதிவிட்டார்!

பேஸ்பால் என்றால் என்ன?

அமெரிக்காவின் தேசிய ஆட்டம் பேஸ்பால். நம் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவே பிறந்த ஆட்டம் போல இருக்கும். ஒரு பக்கத்துக்கு 9 பேர். ஆட்டக்காரர் உருண்டையான தடியோடு நிற்பார். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு மூலைகளையும் ஓடிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி தூரம்.

நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலும் தப்பு. வீசி அடித்துப் பந்து படாமல் போனாலும் தப்பு. மூன்று தப்பு செய்தால் அவுட். ஒரு பக்கத்தில் மூன்று பேர் அவுட் ஆனால் எதிர்ப் பக்கத்துக்கு ஆட்டம் போய்விடும். இப்படி ஆளுக்கு 9 முறை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னொரு வேடிக்கை. பேஸ்பால் பந்தின் தோலை இரட்டைத் தையல் போட்டுத் தைக்கிறார்கள். அந்தத் தையல் எத்தனை தெரியுமா? 108! நம் திருநின்றவூர்ப் பெருமாள் கோவில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அந்த 108-க்கும் இந்த 108-க்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து டாலர் பாட்டு

எர்னஸ்ட் லாரன்ஸ் தேயர் என்று ஒருவர். 1863-ல் பிறந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குக் கம்பளி ஆலைகள் இருந்தன. பையன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். படித்தது தத்துவம். செய்தது தமாஷ்! மாணவர்கள் நடத்திய நகைச்சுவைப் பத்திரிகைக்கு அவர் ஆசிரியர்.

அதே காலத்தில் அங்கே படித்தவர் வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்ட். பிற்காலத்தில் பெரிய பத்திரிகை முதலாளி ஆனவர். அவர் கைக்கு சான் பிரான்சிஸ்கோ நகரத்து "எக்ஸாமினர்" பத்திரிகை வந்தது. "வா, என் பத்திரிகையில் எழுது" என்று நண்பரை அழைத்தார். தேயர் போனார். "பின்" என்ற புனைபெயரில் வேடிக்கைக் கட்டுரைகளும் பாட்டுகளும் எழுதினார். உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பிய பிறகும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்படி அனுப்பியதில் ஒன்றுதான் "கேஸி அட் தி பேட்". கேஸி மட்டை பிடித்த கதை. 1888 ஜூன் 3-ந் தேதி வெளிவந்தது. 13 பத்தி. 52 வரி. கூலி 5 டாலர்.

கேஸி வந்தான்!

கதை இதுதான்.

மட்வில் என்று ஒரு ஊர். பெயரைத் தமிழில் சொன்னால் "சேற்றூர்". சேற்றூர்க்காரர்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். எதிரிக்கு 4. இவர்களுக்கு 2. கடைசி முறை. இரண்டு பேர் வந்தார்கள்; இரண்டு பேரும் அவுட். கூட்டத்தில் சிலர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு நப்பாசை. கேஸிக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தால் போதும்!

ஆனால் கேஸிக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் ஆட வேண்டும். ஒருவன் ஒன்றுக்கும் உதவாதவன். இன்னொருவன் அவனைவிட மோசம். அவ்வளவுதான் என்று எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அங்கேதான் விசித்திரம்! அந்த இரண்டு பேரும் அடித்துவிட்டார்கள்! ஒருவன் இரண்டாவது மூலையில். ஒருவன் மூன்றாவது மூலையில். இப்போது கேஸி ஓங்கி ஒரு அடி அடித்தால் மூன்று ரன். வெற்றி!

ஐயாயிரம் தொண்டை கத்துகிறது. கேஸி வருகிறான். முகத்தில் புன்னகை. தொப்பியை எடுத்துக் கூட்டத்துக்கு மரியாதை செய்கிறான். கையில் மண்ணைத் தேய்த்துக்கொள்கிறான். சட்டையில் துடைத்துக்கொள்கிறான். கல்யாண மாப்பிள்ளை கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான்!

முதல் பந்து. "என் தகுதிக்கு இது போதாது" என்று விட்டுவிடுகிறான். தப்பு ஒன்று! கூட்டம் நடுவரை அடிக்கப் பாய்கிறது. கேஸி கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்குகிறான். என்ன பெருந்தன்மை! இரண்டாவது பந்து. அதையும் விட்டுவிடுகிறான். தப்பு இரண்டு! மறுபடி கூச்சல். கேஸி ஒரு பார்வை பார்க்கிறான். கூட்டம் அடங்குகிறது.

இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பல்லைக் கடிக்கிறான். மூன்றாவது பந்து வருகிறது. காற்றே அதிரும்படி மட்டையைச் சுழற்றுகிறான்...

அடுத்து என்ன ஆயிற்று என்று தேயர் உடனே சொல்லிவிடவில்லை. எங்கோ ஓர் ஊரில் வெயில் அடிக்கிறது, வாத்தியம் முழங்குகிறது, குழந்தைகள் குதிக்கின்றன என்று நம்மை வேறு எங்கெங்கோ அழைத்துப் போகிறார். நாமும் "ஜெயித்துவிட்டான் போல" என்று நினைக்கிறோம். கடைசி வரியில்தான் போட்டு உடைக்கிறார். அந்தச் சந்தோஷம் எதுவும் சேற்றூரில் இல்லை. கேஸி அவுட்!

இந்தக் கதையின் சூட்சுமம் என்ன? தேயர் ஒரு தெரு ஆட்டத்தை மகா யுத்தம் போலப் பாடியிருக்கிறார். காவியத்தில் கதாநாயகன் போர்க்களம் புகுவது போலவே கேஸி நுழைகிறான். அதே கம்பீரம். அதே வர்ணனை. ஆனால் கையில் வாள் இல்லை, மரத்தடி. முடிவில் வெற்றி இல்லை, பூஜ்யம். காவியத்தின் சட்டையை வாமனனுக்கு மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த நையாண்டி.

அந்த இரவு

பாட்டு பத்திரிகையில் வந்தது. ஜனங்கள் படித்தார்கள். மறந்தார்கள். பத்திரிகைப் பாட்டின் ஆயுள் அவ்வளவுதானே! அது பிழைத்ததற்கு ஒரு நடிகர் காரணம்.

டி உல்ப் ஹாப்பர். நியூயார்க்கில் புகழ் பெற்ற நகைச்சுவை நடிகர். ஆள் நல்ல உயரம். குரல் இடி. 1888 ஆகஸ்டு 14-ந் தேதி இரவு, வாலக் நாடக அரங்கில் அவருடைய நாடகம். அன்றைக்கு நாடகம் பார்க்க நியூயார்க், சிகாகோ பேஸ்பால் வீரர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களை மகிழ்விக்க ஏதாவது செய்ய வேண்டுமே! ஆர்ச்சிபால்டு கன்டர் என்ற நாவலாசிரியர், தாம் கத்தரித்து வைத்திருந்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதுதான் கேஸி பாட்டு.

ஹாப்பருக்கு அப்போது பாட்டும் வேண்டியிருக்கவில்லை, கூத்தும் வேண்டியிருக்கவில்லை. அவருடைய கைக்குழந்தை தொண்டை அடைப்பான் நோயில் கிடந்தது. அந்த நாளில் அது குழந்தைகளைக் கொண்டுபோகும் நோய். பாட்டை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஒரு வரி கூட மனசில் நிற்கவில்லை. "குழந்தை பிழைத்துவிட்டது" என்று தந்தி வந்த பிறகுதான் பாட்டு ஏறியது. ஒரு மணி நேரத்துக்குள் முழுப் பாட்டும் மனப்பாடம்! இதை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இரவு மேடையில் பாடினார். கடைசி வரியில் கேஸி அவுட் ஆனதும் ஒரு கணம் அரங்கம் திகைத்தது. அப்புறம் சிரிப்பு வெடித்தது. அரங்கில் இருந்த ஆட்டக்காரர்களும் சிரித்தார்களாம். சிரிக்கமாட்டார்களா? ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் கேஸியாக நின்றவர்கள்தானே!

அன்று முதல் ஹாப்பரை ஜனங்கள் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் "கேஸி! கேஸி!" என்றார்கள். 10,000 தடவைக்கு மேல் பாடியதாக அவரே கணக்குச் சொன்னார். பாட 5 நிமிடம் 40 விநாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு பகலாக ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது!

சில ஆண்டுகள் கழித்து தேயர் வாழ்ந்த ஊருக்கு ஹாப்பர் போனார். எழுதியவரையே பாடச் சொன்னார்கள். தேயர் கூச்சக்காரர். மெல்லிய குரல். வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடித்தார். தாம் கேட்டதிலேயே மோசமான பாடல் அதுதான் என்று ஹாப்பர் பிற்பாடு எழுதினார். சமைத்தவருக்குப் பரிமாறத் தெரியாதது நம் வீடுகளிலும் உண்டே!

நான்தான் கேஸி!

பாட்டுக்குப் பெயர் வந்ததும் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். "அதை எழுதியது நான்தான்" என்று பல பேர் கிளம்பினார்கள். "அந்தக் கேஸியே நான்தான்" என்று ஒரு பழைய ஆட்டக்காரர் சொல்லிக்கொண்டார். அவர் பெயர் டான் கேஸி. அவர் பந்து அடிப்பவர் அல்ல, பந்து வீசுபவர்! இருந்தால் என்ன? தோற்றவன் நான் என்று சொல்லிக்கொள்ள இத்தனை போட்டி உலகத்தில் வேறு எதற்கும் வந்ததில்லை.

ஊர்களும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊர், "மட்வில் எங்கள் ஊர்தான்" என்றது. மாசாசூசெட்ஸ் பக்கம் ஹாலிஸ்டன் என்ற ஊர், "இல்லை, எங்கள் ஊர்" என்றது. நம் ஊரில் ஒரே புராணக் கதைக்கு நாலு தலம் உரிமை கொண்டாடுவது போல!

தேயர் என்ன சொன்னார்? "மட்வில்லும் இல்லை, கேஸியும் இல்லை, எல்லாம் கற்பனை" என்றார். பெயர் மட்டும் நிஜம். பள்ளிக்கூட நாளில் அவர் ஏதோ கேலியாக எழுத, அதைப் படித்துவிட்டு சண்டைக்கு வந்தான் ஒரு பெரிய உருவமுள்ள மாணவன். அவன் பெயர்தான் கேஸி.

தேயருக்கே இந்தப் பாட்டின் மேல் மதிப்புக் கிடையாது. தாம் எழுதிய மற்ற அசட்டுப் பாட்டுகளைவிட இது உசத்தி அல்ல என்றே நினைத்தார். மறுபடி அச்சிட்டவர்களிடம் பணமும் வாங்கவில்லை. ஆலை வேலையைப் பார்த்தார். 1940-ல் காலமானார். அவரை இன்றைக்கு எதற்காக நினைக்கிறோம்? தத்துவத்துக்காகவா? கம்பளிக்காகவா?

பாட்டுக்கு எதிர்ப்பாட்டு

கேஸி அவுட் ஆனதைப் பல பேரால் தாங்க முடியவில்லை. நம் தாத்தா பாட்டிகள் கதை கேட்கும்போது, "கர்ணன் சாகக் கூடாது" என்று பிடிவாதம் பிடிப்பார்களே, அதே கதை! எனவே எதிர்ப்பாட்டுகள் புறப்பட்டன. அதே சந்தம். அதே ஊர். முடிவு மட்டும் வேறு.

விளையாட்டுப் பத்திரிகையாளர் கிராண்ட்லண்ட் ரைஸ் 1907-ல் "கேஸியின் பழிவாங்கல்" என்று எழுதினார். அதில் அதே பந்து வீச்சாளர் மறுபடி வருகிறார். கேஸியை ஜனங்கள் ஏசுகிறார்கள். அவன் தலை குனிந்து நிற்கிறான். கடைசியில் பந்து பறக்கிறது. ஊர் ஜெயிக்கிறது. இதை ரசித்தவர்கள் ஏராளம். ஆனாலும் இன்றைக்கு நிலைத்து நிற்பது எது? தோற்ற கேஸிதான். ஜெயித்த கேஸியை அமெரிக்காவிலேயே பல பேருக்குத் தெரியாது.

அப்புறம் கேஸியின் மனைவி, கேஸியின் மகன், கேஸியின் தங்கை என்று ஆளுக்கொரு பாட்டு எழுதினார்கள். மார்ட்டின் கார்டனர் என்ற அறிஞர் இவற்றைத் தேடிப் பிடித்து, உரையும் குறிப்பும் போட்டு, 1967-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதியது போல, தமாஷ் பாட்டுக்கு உரை! 1953-ல் வில்லியம் ஷூமன் என்ற இசை மேதை இதை ஒரு இசை நாடகமாகவும் செய்தார்.

எட்டே வரி!

இன்னொரு பாட்டின் கதையையும் கேளுங்கள். இதில் சிரிப்பும் உண்டு. கண்ணீரும் கொஞ்சம் உண்டு.

பிராங்க்ளின் ஆடம்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் தினமும் வேடிக்கைப் பகுதி எழுதியவர். ஆனால் சொந்த ஊர் சிகாகோ. நியூயார்க்கில் சம்பளம், சிகாகோவில் மனசு! 1910 ஜூலையில் ஒரு நாள் ஆட்டம் பார்க்க அவசரமாகக் கிளம்பினார். "இடம் காலியாக இருக்கிறது, இன்னும் எட்டு வரி வேண்டும்" என்று அச்சுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். எட்டு வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

சிகாகோவின் மூன்று ஆட்டக்காரர்களைப் பற்றி, ஒரு நியூயார்க் ரசிகன் புலம்புவது போல எழுதிய பாட்டு அது. டிங்கர், எவர்ஸ், சான்ஸ். டிங்கர் பந்தைப் பிடித்து எவர்ஸுக்கு எறிவார். எவர்ஸ் வாங்கி சான்ஸுக்கு எறிவார். கண் மூடித் திறப்பதற்குள் எதிரியில் இரண்டு பேர் அவுட்! இந்த மூன்று பெயரையும் வரிசையாகச் சொன்னாலே தாளம் விழும். அதுதான் பாட்டுக்கே உயிர். ஊரெல்லாம் பரவிவிட்டது.

பாட்டில் மூவரும் ஒரு உடம்பு போல இருக்கிறார்கள். நிஜத்தில்? டிங்கருக்கும் எவர்ஸுக்கும் 1905-ல் கைகலப்பு. அதற்குப் பிறகு ஆண்டுக் கணக்கில் பேச்சு வார்த்தையே இல்லை! ஆனால் ஆட்டத்தில் பந்து மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஒரே வீட்டில் பேசாமல் இருந்துகொண்டு, சோறு மட்டும் நேரத்துக்குப் பரிமாறும் கணவன் மனைவியைப் பார்த்ததில்லையா நீங்கள்? அது போல.

சான்ஸ் 1924-ல் காலமானார். டிங்கரும் எவர்ஸும் கிழவர்களாகி, பல்லாண்டு கழித்து ஒரு நாள் சந்தித்தபோதுதான் கோபம் கரைந்தது. 1946-ல் மூவரையும் ஒன்றாகவே பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். மறு வருடம் எவர்ஸ் போனார். அதற்கு அடுத்த வருடம் டிங்கர் போனார்.

கணக்குப் பார்த்தவர்கள், "இவர்கள் சேர்ந்து அவுட் ஆக்கியது அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. பாட்டுதான் இவர்களைத் தூக்கிவிட்டது" என்கிறார்கள். இருக்கட்டுமே! பாரி கொடுத்த தேரை யார் அளந்து பார்த்தார்கள்?

இந்த மூவர் ஆடிய சிகாகோ குழு 1908-ல் உலகக் கோப்பைக்குச் சமமான பட்டத்தை வென்றது. அதற்குப் பிறகு அடுத்த பட்டம் எப்போது? 2016-ல். எத்தனை வருடம் ஆயிற்று? 108! மறுபடியும் அந்த எண்! அத்தனை வருடமும் சிகாகோ ரசிகர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டுதான் காலத்தை ஓட்டினார்கள்.

எழுத்துப் பிழையே நகைச்சுவை

பாட்டு மட்டுமல்ல. ரிங் லார்ட்னர் என்ற எழுத்தாளர் 1914-ல் ஒரு தொடர் எழுதினார். ஒரு பட்டிக்காட்டுப் பந்து வீச்சாளன் ஊரில் இருக்கும் தன் நண்பன் ஆல் என்பவனுக்கு எழுதும் கடிதங்கள் அவை. கடிதம் முழுக்க எழுத்துப் பிழை. அதைவிடப் பெரிய பிழை அவனுடைய பெருமை! தோற்றால் காற்றின் மேல் குற்றம். சக ஆட்டக்காரன் மேல் குற்றம். தன் மேல் மட்டும் குற்றமே இல்லை. தான் எவ்வளவு அசடு என்று அவனுக்கே தெரியாமல் அவன் கடிதமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுத்துப் பிழைக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் லார்ட்னர் பிழையோடு எழுதியதில் பிழையே இல்லாமல் எழுதினார்!

ஆக்டன் நாஷ் என்ற கவிஞர் 1949-ல் நம் ஆத்திசூடி போல ஆங்கில அகர வரிசைப்படி, எழுத்துக்கு ஒரு பேஸ்பால் வீரராகப் பாடிவைத்தார்.

நம் ஊரில் பந்தைப் பாடவில்லையா?

பாடாமல் இருப்போமா? சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதியிலேயே பெண்கள் பந்தடித்துக்கொண்டு பாடும் "கந்துக வரி" இருக்கிறது. கந்துகம் என்றால் பந்து. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். அவள் ஆடுவதைத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியிருக்கும் சந்தத்தைப் படித்தால் பந்து துள்ளும் சத்தமே கேட்கும்.

அம்மானை என்று ஓர் ஆட்டம். மூன்று பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடுவார்கள். கலம்பக நூல்களில் இதன் அழகைப் பார்க்கலாம். முதல் பெண் சாமியைப் பற்றி ஒரு செய்தி சொல்வாள். இரண்டாவது பெண், "அப்படியானால் இது எப்படி?" என்று மடக்குவாள். மூன்றாவது பெண் இரட்டை அர்த்தத்தில் ஒரு பதில் போடுவாள். டிங்கர், எவர்ஸ், சான்ஸ் போல மூன்று கை மாறுகிறது கேலி!

காவியத்தைக் கேலி செய்வதும் நமக்குப் புதிதல்ல. கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் சமைக்க வைக்கிறார். பேய்கள் பந்தி உட்கார்ந்து சாப்பிடும் அழகைப் படித்தால் பயமும் வரும், சிரிப்பும் வரும். ஜமீன்தார் சபைக் கவிராயர்களின் வெற்று அலங்காரத்தைப் பாரதியார் "சின்னச் சங்கரன் கதை"யில் பந்தாடியிருக்கிறார்.

சடுகுடு ஆட்டத்தில் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிரியின் எல்லைக்குள் போவார்களே, அந்தப் பாட்டு முழுக்க வீம்பும் கேலியும்தான். "நான் யார் தெரியுமா?" என்று மார் தட்டிக்கொண்டு போவான். பாட்டு முடிவதற்குள் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள்! கேஸியின் கதையை நம் ஊர்ப் பையன் அரை நிமிடத்தில் ஆடிக் காட்டிவிடுகிறான்.

இப்போது சடுகுடு கபடியாகி, சம்பளத்துக்கு ஆடும் தொழில் ஆட்டமாகிவிட்டது. 2017 முதல் "தமிழ் தலைவாஸ்" என்று நமக்கும் ஒரு குழு உண்டு. கிரிக்கெட்டில் 2008 முதல் சென்னைக் குழு ஆடுகிறது. இவர்களை வாழ்த்திப் பாட்டு ஏராளம். சென்னைக் குழு தோற்ற இரவில், வடிவேலு முகத்தைப் போட்டுக் கைப்பேசியில் கேலிப் படம் அனுப்புகிறவர்களும் ஏராளம். ஆனால் தோல்வியை வைத்து 52 வரி பாடி, நூறு வருடம் நிற்கும்படி செய்த புலவர் நமக்கு இன்னும் வர வேண்டும் என்றே தோன்றுகிறது. இரட்டைப் பொருளில் ஊரையே சிரிக்க வைத்த காளமேகப் புலவர் இன்றைக்குச் சேப்பாக்கம் மைதானத்தில் உட்கார்ந்திருந்தால் விட்டிருப்பாரா?

பேஸ்பாலுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ண வேண்டாம். 2008-ல் அமெரிக்காவிலிருந்து சிலர் வந்து, "வேகமாகப் பந்து எறிபவருக்குப் பரிசு" என்று இந்தியா முழுக்கப் போட்டி வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்து வாலிபர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் தேறினார்கள். ஈட்டி எறிந்து பழகிய கைகள்! அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரத் தொழில்முறைக் குழு அவர்களை எடுத்துக்கொண்டது. இந்தக் கதை 2014-ல் ஹாலிவுட் படமாக வந்தது. அதற்கு இசை நம் சென்னை ஏ.ஆர். ரஹ்மான்.

அண்ணன் என்ன செய்தான்?

சரி, திடலுக்குத் திரும்புவோம்.

சிக்ஸர் அண்ணன் மட்டையோடு பொடியனை நோக்கி நடந்தான் என்றேன் அல்லவா? எதிர்த் தெருக்காரர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. நாலைந்து பேர் எழுந்து ஓடி வந்தார்கள். பொடியனுக்கு ஓடவும் தோன்றவில்லை. உதடு நடுங்கியது.

அண்ணன் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இரவெல்லாம் விழித்த கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தோற்ற பணத்தில் அவன் பங்கும் இருந்தது. அவனை நம்பிப் போட்ட சின்னப் பையன்களின் பங்கும் இருந்தது.

"என்னடா பாடினே? மறுபடி பாடு."

பொடியன் வாயைத் திறக்கவில்லை.

"பாடுறா, அடிக்க மாட்டேன்."

பொடியன் மெல்லிய குரலில் பாடினான். "குச்சி மூணும் பறந்துபோச்சு" என்ற இடம் வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"டேய், மூணு எங்கேடா பறந்துச்சு? நடுக்குச்சி ஒண்ணுதான். பாட்டுல பொய் சொல்லக் கூடாது. திருத்திப் பாடு."

பொடியன் அண்ணாந்து பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். "நடுக்குச்சி பறந்துபோச்சு" என்று திருத்தி, முதல் வரியிலிருந்து உரக்கப் பாடினான். இந்தத் தடவை இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து பாடினார்கள். அண்ணன் மட்டையைப் பொடியன் கையில் கொடுத்துவிட்டு, சுவர் ஓரம் நிழலில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான்.